முற்றவெளி நாய்களும் ஒரு மகஜரும்

யாழ்ப்பாணத்து முற்றவெளியில் அதிகாலை வேளையில் உலாவுவோருள் நாமும் ஒருவர். கோட்டையை ஒட்டி நடந்து பண்ணைக் கடற்கரை வரை சென்று மீள்வது எமது வழக்கம். உடன் வருவோரிற் பெரும்பாலார் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர்கள். அவர்களுள் ஒருவர் முன்னாள் தபாலதிபர். கையிற் பிரம்பின்றிப் படலையைத் தாண்டமாட்டார். இன்னொருவர் சட்டைப்பை நிறையப் பிஸ்கற்றோடு வருபவர். பிரம்பும் பிஸ்கற்றும் ஒரே நாய்க்கூட்டத்தின் பொருட்டே கொண்டுவரப்படுகின்றன. இருவரும் அருகருகே நடப்பதனால், குரைப்பதா வாலாட்டுவதா என அந்நாய்கள் திகைத்து நிற்பதை நாம் பலமுறை கண்டு நகைத்ததுண்டு.

சென்ற மாதம் அந்த நகைப்பு நின்றது. எமது வகுப்பில் ஏழாந்தரத்திற் படிக்கும் சிறுவன் ஒருவனை, மாலை வகுப்புக்குச் செல்லும் வழியில், கட்டாக்காலி நாயொன்று காலிற் கடித்துவிட்டது. தாய் அடிப்பாள் என்ற பயத்தால் இரண்டு நாள் அவன் வாய் திறக்கவில்லை. துவைக்கும்போது காற்சட்டைக் கிழிசலைக் கண்டபின்பே தாய் பதறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். தவணை தவணையாக ஊசி ஏற்றினர். பையன் நலமாயிருக்கிறான். எனினும் அந்த இரண்டு நாளை நினைக்கும்போது எமக்கு இப்போதும் நெஞ்சு பதறுகின்றது. விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்த உடனே காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவுவதும், தாமதமின்றி ஊசி ஏற்றுவதுமே காப்பு. பிள்ளைகளை வைத்திருப்போர் இதனைச் சொல்லி வைத்தால் மட்டும் போதாது. சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கையையும் ஊட்டி வைத்தல் வேண்டும்.

செய்தி பரவியதும் உலாவுவோர் கூட்டம் கொதித்தெழுந்தது. நகரிலுள்ள கட்டாக்காலி நாய்கள் அனைத்தையும் அகற்றுமாறு மாநகர சபைக்கு ஒரு மகஜர் அனுப்புவதென்றும், ஆசிரியராகிய நாமே அதனை எழுதித் தருவதென்றும் முடிவாயிற்று. கனடாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கி வந்த அன்பர் ஒருவர், “ரொறன்ரோவில் நாய்களுக்கென்றே பூங்கா இருக்கிறது. முற்றவெளியில் ஒரு மூலையை வேலியடைத்து இவற்றையெல்லாம் உள்ளே விட்டுவிடலாமே!” என்றார்.

அவர் கண்டது உண்மையே. கலிபோர்ணியாவின் பேர்க்கிலி நகரில் 1979 இல் அத்தகைய பூங்காவொன்று தோன்றியது. பின்னர் மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் இவ்வழக்கம் பரவிற்று. ஆயினும் அங்கே நாய் தனியே வருவதில்லை. கழுத்துப்பட்டியும் வாரும் பூட்டி உரிமையாளர் கூட்டி வருவார். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரட்டை வாயிலைக் கடந்தபின்பே வாரை அவிழ்ப்பார். நாய் கழித்ததைத் தாமே பையில் அள்ளி எடுத்துச் செல்வார். ஆளுள்ள நாய்க்கு ஏற்பட்ட பூங்கா அது. ஆளில்லாத நாய்க்கு நாம் வேலியடைத்தால், மறுநாட் காலையில் அவ்வேலிக்கு மேலால் குட்டிகள் வந்து விழும். இதனை நாம் எவ்வாறு அறிவோம் என்பதைப் பின்னர் சொல்லுகின்றோம்.

அன்றிரவு மகஜரை எழுத அமர்ந்தோம். ‘அகற்றுக’ என்று எழுதியபின் பேனா ஓடவில்லை. எங்கே அகற்றுவது? 1910 இல் இஸ்தான்புல் நகரத்தார் தெருநாய்களைப் பல்லாயிரக்கணக்கிற் பிடித்து, நீரற்ற தீவொன்றில் இறக்கிவிட்டனர். பசியாலும் தாகத்தாலும் அவை அங்கே மடிந்தன. அந்நகரத் தெருக்களில் இன்றும் நாய்கள் உண்டு. எமது நாட்டிலும் பிடித்துக் கொல்லும் முறை நெடுங்காலம் நடைபெற்றது; 2006 இலேயே அரசு அதனைக் கைவிட்டது. கொலை நடந்துகொண்டிருந்த காலத்திலேதான், 1973 இல், 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை முப்பதளவிலோ அதற்குக் கீழோ இருக்கின்றது. இந்த இறக்கத்தைத் தந்தது பெரும்பாலும் தடுப்பூசியே. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏற்றினால் நோயின் சங்கிலி அறுந்துபோகும் என்பது மருத்துவ நூலார் துணிபு. குப்பை மேடும் இறைச்சிக் கழிவும் இருக்கும்வரை, ஒரு நாயை அகற்றிய இடத்துக்கு இன்னொரு நாய் வரும். புதிதாய் வருவது ஊசி ஏற்றாத நாயாகவும் இருக்கும். ஊசியும் கருத்தடையும் செய்து அதே தெருவில் மீள விட்ட நாயோ புதியவற்றை அண்டவிடாது. கொழும்பு மாநகரில் 2007 முதற் சில ஆண்டுகள் இம்முறையே பெருமளவிற் கையாளப்பட்டது.

இவையெல்லாம் நூலறிவு. பேனாவை நிறுத்தியது வேறொன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எமது வீட்டுப் பெட்டைநாய் ஐந்து குட்டி ஈன்றது. கடுவன் இரண்டையும் அயலார் விரும்பிக் கொண்டுபோயினர். பெட்டை மூன்றையும் கேட்பாரில்லை. ஒரு மாதம் பொறுத்தோம். பின்னர் ஒருநாள் இரவு, மூன்றையும் சீனிச்சாக்கில் இட்டு, துவிச்சக்கர வண்டியிற் கட்டி, சந்தைக்குப் பின்புறம் கொண்டுசென்று அவிழ்த்துவிட்டோம். சந்தையென்றால் உணவு கிடைக்கும் என்று மனைவிக்குச் சமாதானமும் சொன்னோம். அவள் மறுமொழி கூறவில்லை. அங்கே எமக்கு முன்னரே வேறு இரண்டு சாக்குகள் கிடந்தன. வைரவக் கடவுளின் வாகனம் என்று கோயிலில் நாயைக் கும்பிடுகின்ற நாம், அதே கோயில் வீதியிலும் குட்டிகளை விட்டு வருகின்றோம். கட்டாக்காலி நாய் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அந்தச் சிறுவனைக் கடித்தது எம் சாக்கிலிருந்து இறங்கியதன் பேரக்குட்டியன்று என்று எவர் சொல்வார்?

ஆதலின் மகஜரை வேறுவிதமாய் எழுதினோம். நாய்களுக்கு ஊசியும் கருத்தடையும் ஆண்டுதோறும் நடைபெறல் வேண்டும். சந்தைக் கழிவு அன்றன்றே அள்ளப்படல் வேண்டும். விசர்க்குறி காட்டும் நாயையும் கடித்துப் பழகிய நாயையும் தாமதமின்றிப் பிடித்தல் வேண்டும் என்று கேட்டோம். முடிவில், ‘கீழே ஒப்பமிடும் நாம் எமது நாய்களைப் பதிவுசெய்து, ஊசி ஏற்றி, படலைக்குள்ளேயே வைத்திருப்போம்’ என்றொரு வரியும் சேர்த்தோம். நாய்ப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் 1901 இலேயே இயற்றப்பட்டது. எமது கூட்டத்திற் பதினொருவர். நாய் வளர்ப்போர் எழுவர். பதிவு செய்தவர், எம்மையும் சேர்த்து, ஒருவருமில்லை.

வாசித்து முடித்ததும் சிறிதுநேரம் ஒருவரும் பேசவில்லை. நால்வர் பிறகு பார்ப்போம் என்று நழுவினர். பிஸ்கற்றுக்காரர் முதலில் ஒப்பமிட்டார். தபாலதிபர் தாளை வாங்கி இருமுறை வாசித்தார். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒப்பமிட்டார். பின்பு எம்மைச் சற்று அப்பால் அழைத்துச் சென்று, மெல்லிய குரலில், “மாஸ்டர், எங்கட வீட்டுப் பெட்டை திரும்பவும் வயிறாய் நிக்குது. குட்டி போட்டு எத்தனை நாளைக்குப் பிறகு அந்த ஒப்பரேசன் செய்யலாம்?” என்று வினவினார்.