கருப்பட்டித் துண்டும் பஸ் சார்ஜும்

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் வைபவம் நடக்கும். பாட்டி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கருப்பட்டித் துண்டுமாக நிற்பாள். எண்ணெய் உள்ளே போனால்தான் கருப்பட்டி கைக்கு வரும். இது லஞ்சமா, வைத்தியமா என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை. அரியலூரிலிருந்து வந்த ஒரு கடிதம் இந்த வாரம் என்னை விசாரிக்க வைத்துவிட்டது.

எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. அவர் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்கு எச்.ஐ.வி. தொற்று. அந்த அம்மாளே ஒரு நாள் அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடும் என்று, பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் மாத்திரை வாங்கி வந்தாளாம். இப்போது மூன்று மாதமாகப் போகவில்லை. "மாத்திரை இலவசம்தானே, பிறகு ஏன் நிறுத்தினாள்? போய் வர நான் பணம் கொடுக்கலாமா? கொடுத்தால், காசு கிடைத்தால்தான் மருந்து என்ற பழக்கம் வந்துவிடாதா?" என்று கேட்கிறார் சகோதரி.

முதலில் ஒரு சின்னக் கோபம். கடிதத்தில் அந்த அம்மாளின் பெயர், தெரு எல்லாம் எழுதியிருக்கிறீர்களே, அது எதற்கு? நான் கிழித்துப் போட்டுவிட்டேன். 2017ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. நம்பிச் சொன்ன ஒருவரின் தொற்றை, அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்தவும் கூடாது. நீங்கள் நிறுத்தவில்லை, அதற்கு என் நமஸ்காரம். பாத்திரம் துலக்குவதாலோ, ஒரே டம்ளரில் காப்பி குடிப்பதாலோ இது ஒட்டிக்கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வீட்டு மாமிக்கும் தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

இனி விஷயத்துக்கு வருவோம். மாத்திரை இலவசம் என்பது வாஸ்தவம். 2004 ஏப்ரல் 1 முதல் அரசாங்கம் இதைச் சும்மாவே கொடுக்கிறது. ஆனால் சகோதரி, அந்த அம்மாளின் கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்தீர்களா? பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரண டவுன் பஸ்ஸில். ஊர்விட்டு ஊர் போகும் பஸ்ஸில் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். காலையில் புறப்பட்டால் திரும்பி வர மாலையாகும். நான்கு வீட்டு வேலையில் நான்கு எஜமானிகளுக்கும் நான்கு பொய் சொல்ல வேண்டும். அன்றைய சாப்பாடு வெளியில். இரண்டு ஊரும் முன்னே ஒரே மாவட்டமாக இருந்தவை, 2007ல் மறுபடி பிரிந்தவை என்று நாம் பேசிக்கொள்ளலாம். கூலிக்காரிக்கு அது ஒரு நாள் சம்பளத் தூரம். இலவச மருந்துக்கு இவ்வளவு விலை!

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகிறது? தினமும் தவறாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி, பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. அப்படி அடங்கியே இருந்தால் தாம்பத்தியத்தில்கூட மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கே பழகிக்கொண்டுவிடும். பிறகு வேறு மருந்து தேட வேண்டும்.

மருந்தைக் கையில் கொடுத்துவிட்டால் போதாது என்பதை நம் சென்னை எப்போதோ கண்டுகொண்டது. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, சானடோரியத்தில் படுக்க வைத்துச் செய்யும் வைத்தியத்தை வீட்டிலிருந்தபடியே செய்ய முடியுமா என்று சோதித்தார்கள். முடியும் என்று 1959ல் உலகத்துக்கே சொன்னார்கள். ஆனால் வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்குகிறாரா, பானைக்குள் போடுகிறாரா? அந்தக் கவலை அன்று ஆரம்பித்தது; இன்னும் தீரவில்லை. காசநோய்க்காரர்களுக்கு ஊட்டத்துக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயும் மத்திய அரசு பாங்குக் கணக்கில் போடுவதற்குப் பின்னால் இந்தக் கவலையும் இருக்கத்தான் வேண்டும்.

எச்.ஐ.வி. விஷயத்திலும் சென்னையிலேயே ஒரு பரீட்சை நடந்தது. நம் நாட்டில் இந்தத் தொற்றை 1986ல் முதன்முதலாக வெளிப்படுத்திய டாக்டர் சுனிதி சாலமன் அம்மையார் ஆரம்பித்த ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தில். போதை மருந்துப் பழக்கமும் தொற்றும் சேர்ந்த 120 பேரை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு கட்சியார் மாதந்தோறும் வந்தால், மருந்து ஆரம்பித்தால், கிருமி அடங்கினால், சாப்பாட்டுச் சாமானோ வீட்டுச் சாமானோ வாங்கிக்கொள்ளச் சீட்டு. மற்றவர்களுக்கு அது இல்லை. ஓராண்டில் சீட்டுக் கட்சியில் 100க்கு 45 பேர் மருந்து ஆரம்பித்தார்கள். மற்றதில் 27 பேர். சீட்டு வாங்கியவர்கள் 8 தடவை வந்தால் மற்றவர்கள் மூன்றரைத் தடவை. 2014ல் இதை வெளியிட்டார்கள்.

சபாஷ் என்று சொல்லிவிடாதீர்கள். ஆண்டு முடிவில் ரத்தத்தைச் சோதித்தபோது, கிருமி அடங்கியதில் இரண்டு கட்சிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சீட்டு ஆளை வாசல்வரை கூட்டி வந்தது; வீட்டுக்குள் போய்த் தினமும் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அதனால் முடியவில்லை. போதைப் பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும்போது சீட்டு என்ன செய்யும், பாவம்?

ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் ஷின்யாங்கா பகுதியில் வேறு விதமாக ஆயிற்று. புதிதாக மருந்து தொடங்கிய 530 பேர். மாதம் தவறாமல் வந்தவர்களில் சிலருக்குச் சிறு தொகை, சிலருக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல், சிலருக்கு ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் கிருமி அடங்கியவர்கள், பணம் பெறாதவர்களில் 100க்கு 73. சிறு தொகைக்காரர்களில் 83. பெரிய தொகைக்காரர்களில் 86. சிறு தொகையே முக்கால்வாசி வேலையைச் செய்துவிட்டது பாருங்கள்! காசாசை பிடித்தவர்களாக இருந்தால் இப்படியா கணக்கு வரும்? பஸ் சார்ஜும் ஒரு வேளைச் சாப்பாடும் தடையாக நின்றன. அது நகர்ந்ததும் கால் நடந்தது. எனக்குத் தோன்றுவது இதுதான்.

நம் வீட்டுப் பெண்கள் கர்ப்பமானால் நர்ஸம்மாவிடம் பதிவு செய்து, ஊசி போட்டு, அரசு ஆஸ்பத்திரியில் பெற்றால் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தவணை தவணையாகப் பணம் வருகிறது. அதை லஞ்சம் என்று எந்த மாமியாராவது திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. கர்ப்பத்துக்கு வரும் பணத்தைப் பத்துப் பேரிடம் சொல்லலாம். இந்தப் பணம் வந்தால், "இது எங்கேயிருந்து வந்தது?" என்று வீட்டில் கேட்பார்களே! பாஸ்புத்தகத்தைப் பையன் படித்துக் காட்டும் குடும்பங்கள் எத்தனை! ஊருக்குப் பயந்து பெரம்பலூர் வரை போனவளைக் கைப்பணம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

ஆகவே சகோதரி, பணமாகக் கொடுப்பதைவிட, மருந்து வாங்கும் நாளில் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள். பஸ் சார்ஜை மாதச் சம்பளத்தோடேயே சேர்த்துவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று தினமும் வாசலில் நின்று கேட்காதீர்கள். மூன்று மாதம் விட்டுப்போனதற்குத் திட்டுவார்களோ என்று அவள் பயப்படலாம். பழைய மாத்திரை மிச்சம் இருந்தாலும் தானாக ஆரம்பிக்காமல், முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் நிலை சரியாக இருந்தால் சில மாத மருந்தைச் சேர்த்தே தருவதும் உண்டு. கேட்டால் பிரயாணம் குறையும். கேட்கக் கூச்சமானால் 1097 என்ற இலவச டெலிபோனில் பெயர் சொல்லாமலே விசாரிக்கலாம்.

போனாளா என்று மட்டும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பெயர் வேண்டாம்.