ஓடு மாற்ற யாரைக் கேட்க வேண்டும்? சுவரில் எழுதி வையுங்கள்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தவளக்குப்பத்தில், எங்கள் தெருவில், இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கும் ஓர் அம்மா இருக்கிறார். ஓட்டு வீடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியதே, அன்றைக்கு அவர் வீட்டில் பாதி ஓடு போய்விட்டது. இரண்டு கைமரங்களும் உளுத்திருந்தன. தார்ப்பாய் போட்டுச் சில வாரம் ஓட்டினார். பிறகு ஆள் வைத்து வேலையைத் தொடங்கினார். மறுநாளே ஒருவர் வந்து நின்றார். "ஓடு மாத்தினாலும் பர்மிஷன் வேணும்மா. இல்லேன்னா வேலைய நிறுத்திடுவாங்க. எட்டாயிரம் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மா தோட்டை அடகு வைத்துக் கொடுத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ரசீது எங்கேம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் குடுக்க மாட்டாங்க சார்" என்றார். யார் கொடுக்க மாட்டார்கள்? வந்தவர் எந்த அலுவலகத்துக்காரரும் இல்லை. வெறும் இடைத்தரகர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டிருக்கும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) என்ன சொல்கிறது தெரியுமா? வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது, ஓடு மாற்றுவது, கூரையைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை என்கிறது. கட்டடத்தின் உறுதியையும் தீப் பாதுகாப்பையும் கெடுக்கக் கூடாது என்பதே நிபந்தனை. இது ஒரு பரிந்துரைத் தொகுப்புதான், மறுக்கவில்லை. அந்தந்த அரசு தன் விதியில் சேர்த்தால்தான் அங்கே செல்லும். நம்மை ஆள்வது புதுச்சேரியின் கட்டட விதிகள். வரைபட அனுமதி தருவது நகர அமைப்புக் குழுமம், நம் பேச்சில் பி.பி.ஏ. நம் ஊர் அரியாங்குப்பம் கொம்யூனில் இருக்கிறது.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். எந்தக் கூரை வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எங்கே மனு போட வேண்டும், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் பதில் வரும் என்பதை இட்லி சுடும் அம்மா படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் ஏன் சுவரில் எழுதி வைக்கக் கூடாது?

சலுகை கேட்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4, ஒவ்வோர் அரசு அலுவலகமும் தன் விதிகளையும் நடைமுறைகளையும் யாரும் கேட்காமலே தானாக வெளியிட வேண்டும் என்கிறது. 120 நாள் கெடுவும் கொடுத்தது. இருபது ஆண்டு ஓடிவிட்டது.

"இப்படி எழுதி வைத்தால் ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் கட்டிவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். ஐயா, இப்போது மட்டும் என்ன நடக்கிறது? கடலூர் சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். மொட்டை மாடி முழுக்க இரும்புத் தூண் நட்டு, ஷீட் போட்டு, சுற்றி அடைத்து, ஒரு மாடியையே கூட்டிவிடுகிறார்கள். அதில் ஜிம், டியூஷன், விசேஷ ஹால். அது ஓடு மாற்றுவதல்ல, புதிய தளம். அனுமதி, பொறியாளர் சான்று, தீயணைப்பு வழி எல்லாம் அங்கேதான் வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்த ஊரில் தகரம் பறந்ததைப் பார்த்தவர்கள் நாம். சரியாக முடுக்காத ஒரு ஷீட் பறந்தால் கழுத்தை அறுத்துவிடும்.

நான் ஆசிரியர். 2004 ஜூலை 16-ஐ என்னால் மறக்க முடியாது. கும்பகோணத்தில் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபக் கூரை எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கூரைக்குச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? கூட்டம் கூடும் கூரையைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். ஏழை தன் வீட்டு ஓட்டை மாற்றுவதைத் தடுக்காதீர்கள். இரண்டுக்கும் கோடு போடாமல் விட்டால் லாபம் தரகருக்கு மட்டும்தான். விதி தெரியாத இடத்தில்தான் அவர் கடை விரிக்கிறார்.

பழுது பார்ப்பதைத் தள்ளிப் போட்டாலும் ஆபத்துதான். கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்ததை மறந்துவிட்டோமா? அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி. உளுத்த கைமரத்தின் கீழ் படுத்திருப்பவர்களுக்கு என்ன உத்தரவாதம்?

முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனடி அனுமதி. அது புது வீட்டுக்கானது, குறைகளும் இருக்கலாம். ஆனால் யாருக்கு, எவ்வளவு என்று கணக்கைச் சொல்லிவிட்டார்கள் அல்லவா?

கேட்டுச் சொல்ல நமக்கு ஒரு வார்டு உறுப்பினர் கூட இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. கவுன்சிலர் இருந்தால் அந்த அம்மா அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்று கேட்டிருப்பார். இல்லாததால் தரகரிடம் கேட்டார்.

நம் பக்கமும் தவறு இருக்கிறது. ரசீது இல்லாமல் பணம் கொடுப்பவர்கள் நாம்தான். யாராவது வந்து மிரட்டினால், "எந்த விதி, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்காதவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

தகவல் உரிமை மனு ஒன்றைத் தயார் செய்திருக்கிறேன். பத்து ரூபாய்தான் செலவு. பதில் வந்ததும் அப்படியே இங்கே போடுகிறேன். அலுவலகம் பலகை வைக்காவிட்டால், அந்தப் பதிலைப் பெரிய எழுத்தில் எழுதி என் வீட்டு மதிலில் ஒட்டுவேன்.

அடுத்த மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்குப் போய்ச் சேரும்படி பகிருங்கள்.