பிளாக் வாங்கறீங்களா? வெர்னியர் எடுங்க!

எங்க ஊர் பெரணமல்லூர். பட்டுப்புடவை வாங்கும்போது அம்மா முதல்ல திருப்பிப் பார்ப்பாங்க. பளபளப்பு முன்பக்கம், நெசவோட லட்சணம் பின்பக்கம்! பழைய கார் இன்ஜின் பிளாக்கும் அப்படித்தான்.

தாத்தாவோட அம்பாசடர்ல பிளாக் விரிசல். ‘‘இது எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் பிளாக் தம்பி, மாட்டினா பறக்கும்!’’னு ஒரு வியாபாரி டபுள் விலை சொன்னார். தறியில உட்கார்ந்து அம்மா சேர்த்த காசு. சும்மா தூக்கிக் கொடுத்துட முடியுமா?

ரெண்டுமே இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியோட ‘பி சீரிஸ்’ குடும்பம். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஸ்ட்ரோக்கும் ஒண்ணுதான், 88.9 மி.மீ. வித்தியாசம் சிலிண்டர் விட்டத்தில்! அம்பாசடர் 1,489 சி.சி.க்கு 73.025 மி.மீ.; எம்.ஜி.பி. 1,798 சி.சி.க்கு 80.26 மி.மீ. நம்பர் தகட்டை மாத்திடலாம், துளையை மாத்த முடியுமா?

வெர்னியரை வெச்சேன். 74 மி.மீ! சாதா அம்பாசடர் பிளாக். அதுவும் ஏற்கெனவே ஒரு மி.மீ. ரீபோர் ஆனது. இனி கடைய இடம் கம்மி, அடுத்து ஸ்லீவ் செலவுதான்.

பிரஷர் டெஸ்ட்டில் விரிசல் இல்லை. சாதா விலையில் ஸ்லீவ் செலவைக் கழிச்சுக் கேட்டேன். வியாபாரி சிரிச்சுக்கிட்டே கொடுத்துட்டார்.

ஒண்ணு மறக்காதீங்க: பிளாக் மாறினா இன்ஜின் நம்பரும் மாறும். பில்லோட ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஆர்.சி.யில் மாத்திடுங்க.

ஃபர்ஸ்ட் இயர் லேப்ல தூக்கம் வரவழைச்ச அந்த வெர்னியர்தான் அம்மா காசைக் காப்பாத்துச்சு பாஸ்!