பருப்பு ஏன் வேகவில்லை?



டப்ளினில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். "டீச்சர், அயர்லாந்து எப்படி இருந்தது?" என்று பலர் கேட்டீர்கள். குளிரையும் மழையையும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். நான் எழுத நினைப்பது வேறு. இத்தனை வருடம் அறிவியல் நடத்தியவள், என் கண் அங்கேதானே போகும்!

பாயில் விதி ஞாபகம் இருக்கிறதா? அந்த ராபர்ட் பாயில் 1627-ல் பிறந்தது அயர்லாந்தில் உள்ள லிஸ்மோரில். டிண்டால் விளைவுக்குப் பெயர் தந்த ஜான் டிண்டாலும் அந்த நாட்டுக்காரர்தான். லண்டனில் பொதுமக்கள் முன்னால் சோதனை செய்து காட்டிப் பேசுவதில் பெயர் பெற்றவர். அவர்கள் பிறந்த நாடு இன்றைக்கு அறிவியலைச் சாதாரண ஜனங்களிடம் எப்படிக் கொண்டுபோகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

நவம்பர் மாதம் அங்கே நாடு முழுக்க அறிவியல் வாரம் நடக்கும். நான் போனது ஜனவரியில். அதனால் நாலாம் வகுப்பு படிக்கும் பேரனிடம், "அறிவியல் வாரத்துல என்னடா பார்த்த?" என்று கேட்டேன். "பெரிய புகை வந்துச்சு அம்மாச்சி, செம ஜாலி!" என்றான். "எதனால புகை வந்துச்சு?" என்றேன். "தெரியாது" என்று ஓடிவிட்டான்.

பிள்ளைகள் சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. ஆனால் புகையும் வெடிச் சத்தமும் மட்டுமே அறிவியல் ஆர்வம் ஆகிவிடாது. அங்கேயும் இந்தக் கவர்ச்சி இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது.

அதே ஜனவரியில் ஆர்.டி.எஸ். அரங்கில் இளம் விஞ்ஞானி கண்காட்சிக்கு மகள் கூட்டிப்போனாள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்பியலாளர்கள் டோனி ஸ்காட், பாதிரியார் டாம் பர்க் இருவரும் அமெரிக்காவில் இதுபோல ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து 1965-ல் ஆரம்பித்தது. முதல் வருடம் 230 பிள்ளைகள். இன்றைக்கு ஐந்நூறுக்கு மேல் ஆய்வுகள். ஸ்ட்ரைப் கம்பெனியைத் தொடங்கிய பேட்ரிக் காலிசன் 2005-ல் பள்ளி மாணவராக இங்கே ஜெயித்தவர் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஒவ்வொரு மேஜையிலும் பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொண்ட ஒரு கேள்வி. நடுவர் வந்து நின்று அந்தப் பிள்ளையிடம் பேசுகிறார். ஆசிரியர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கவில்லை. பார்க்க வந்த பெரியவர்களும் நின்று கேட்கிறார்கள். பொதுமக்களுக்கு அறிவியல் என்பது இப்படித்தான் போய்ச் சேரும் என்று தோன்றியது.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 'சயின்ஸ் பிளாஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. முழு வகுப்பும் சேர்ந்து ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து, வந்து சொல்ல வேண்டும். பேரன் வகுப்பு எடுத்த கேள்வி, "நனைந்த துணிகளில் எது சீக்கிரம் காயும்?" டப்ளின் மழையில் தினமும் நனைகிற பிள்ளைகள் வேறென்ன கேட்பார்கள்! மெல்லிய பருத்தித் துணிதான் முதலில் காயும் என்று எல்லோரும் சொன்னார்களாம். அரை மணிக்கொரு தரம் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்ததில் பாலியஸ்டர் முந்திவிட்டது. அப்புறம்தான் பார்த்தார்களாம், பாலியஸ்டர் துணி ஹீட்டர் பக்கத்தில் தொங்கியிருக்கிறது. "அது நியாயம் இல்லைல்ல அம்மாச்சி, அதனால மறுநாள் முதல்ல இருந்து செஞ்சோம்" என்றான். அப்போதும் பாலியஸ்டர்தான். தாங்கள் நினைத்தது தப்பு என்பதைக்கூட அவன் சந்தோஷமாகச் சொன்னான். புகையைப் பற்றி ஒன்றும் தெரியாத அதே பையன்தான்!

எல்லாம் அங்கே சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். டிரினிட்டி கல்லூரி 2008-ல் இலவசமாகத் திறந்த அறிவியல் காட்சிக்கூடத்தைப் பணச் சிக்கலால் 2022-ல் மூடிவிட்டார்கள். கட்டடம் வரும், போகும். பிள்ளை கேட்டால் பெரியவர் நின்று கேட்கும் பழக்கம்தான் முக்கியம். அதற்கு ஒரு தராசும் நாலு துண்டுத் துணியும் போதும்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் நம் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். "டீச்சர், எங்க வீட்டு போர் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குது. மழைத் தண்ணி பிடிச்சு வச்சா சீக்கிரம் வெந்துடுது. அதை வச்சு ஏதாவது செய்யலாமா?" என்றாள். நான், "அதெல்லாம் கண்காட்சிக்கு எடுக்காதும்மா, எரிமலை செய்" என்றேன். களிமண், சமையல் சோடா, வினிகர், கொஞ்சம் குங்குமம். நுரை பொங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள், வட்டார அளவில் இரண்டாம் பரிசும் வாங்கினோம்.

கடின நீர், மென்னீர் பாடத்தை அந்த வருடம் நானே நடத்தியிருந்தேன். சோப்பு நுரைக்காது என்று எழுதிப் போட்டுப் படிக்க வைத்தேன். அந்தப் பாடத்தையே தன் அடுப்பங்கரையில் கண்டுபிடித்து வந்தவளை எரிமலைக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு பாத்திரம், ஒரே அளவு பருப்பு, ஒரே தீ, ஒரு கடிகாரம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பேரன் துணியை நிறுத்த கதையைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம்தான் என் கண்ணில் வந்து நின்றது.

அம்மா, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. உன் கேள்வி எரிமலையைவிட எவ்வளவோ நல்ல கேள்வி.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்குக் கடையில் தெர்மாகோல் வாங்கும் முன், "உனக்கு என்ன தெரியணும்?" என்று பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள். பதில் வர நேரமானால் காத்திருங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்விகளைக் கீழே எழுதுங்கள். எனக்குப் பதில் தெரிகிறதோ இல்லையோ, கண்டிப்பாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்