பேசுவது கோழைத்தனமா?

"ஆயுதம் ஏந்தியவனோடு சர்க்கார் பேசலாமா? பேசினால் மானம் போகும், சுட்டால்தான் வீரம்!" என்று முழங்குகிறார்கள் சிலர். முழங்குவோர் யார்? குண்டு விழும் ஊரில் குடியிருப்போர் அல்லர். சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, ஊரார் பிள்ளையைப் போருக்கு அனுப்பும் பெருமக்கள்!

அவர்களுக்கு மிசோரத்தை நினைவூட்டுவோம்.

1959-ல் மிசோ மலைகளில் மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலி பெருகும். எலி பெருகினால் விளைச்சல் அழியும். பஞ்சம் வருகிறது என்று மலைமக்கள் முன்பே எச்சரித்தார்கள். அசாம் சர்க்கார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டினியைப் போக்கப் பிறந்த அமைப்பு 1961-ல் அரசியல் கட்சியாயிற்று, லால்டெங்கா தலைவரானார். 1966-ல் துப்பாக்கி தூக்கித் தனிநாடு என்று அறிவித்தது.

சர்க்கார் செய்தது என்ன? அந்த மார்ச்சிலேயே அய்சால் நகர்மீது போர் விமானங்களை ஏவியது. சொந்த மக்கள்மீது சொந்த விமானம்! கிராமம் கிராமமாக மக்களைப் பெயர்த்து, காவலுக்குள் அடைத்தது. கிளர்ச்சிக்காரரும் சும்மா இருக்கவில்லை; 1975-ல் அய்சாலில் மூன்று உயர் போலீஸ் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். இரு பக்கமும் பிணம். இருபது ஆண்டு இருட்டு!

முடித்து வைத்தது எது? 1986 ஜூன் 30-ல் டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தம்.

"துப்பாக்கிக்குப் பரிசா?" என்பார்கள். இல்லை! அவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள், தனிநாட்டைக் கைவிட்டார்கள், அரசியல் சட்டத்தை ஏற்றார்கள். சர்க்கார் மாநிலத் தகுதி தந்தது. காங்கிரஸ் முதலமைச்சர் நாற்காலியைவிட்டு இறங்கினார், லால்டெங்கா அமர்ந்தார். 1988-ல் அவர் ஆட்சி கவிழ்ந்தது. 1989 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. காட்டுக்குத் திரும்பினார்களா? இல்லை! 1998-ல் வாக்குப் பெட்டி வழியாகவே மீண்டும் ஆட்சிக்கு வந்தார்கள். இது யாருடைய வெற்றி? சனநாயகத்தின் வெற்றி!

பேச்சு மந்திரக்கோல் அல்ல. நாகர் பிரச்சினையில் 1997-ல் போர்நிறுத்தம், 2015-ல் ஓர் உடன்பாடு. அதன் பின்னும் ஆண்டுகள் உருண்டனவே தவிர, முடிவு கைக்கு எட்டவில்லை. ஆனால் இழுபடும் பேச்சில் பொறுமைதான் போகும். இழுபடும் போரில் உயிர் போகும்.

தோழர்களே! வேலைநிறுத்தம் கண்ட தொழிலாளிக்கு இது புதிதல்ல. முதலாளியின் எதிரே உட்காருகிறவன் கொள்கையை விற்றவனா? கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதானே உட்காருகிறான்! சர்க்காரும் அப்படியே உட்காரட்டும். சட்டத்தை விடவேண்டாம், வீம்பை விடட்டும். பஞ்சத்தின்போதே காது கொடுத்திருந்தால், பிணங்களை எண்ணியபின் பேசியிருக்க வேண்டாமே!