அளவெடுத்த தலைகள்

இந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். நீலகிரியில் நடுவட்டத்தில் இருக்கும் அக்கா மகன் தன் தலைக்கு அச்சு எடுத்துவிட்டான். 2024 பிப்ரவரியில் சென்னைக்குக் காமிக் கான் வந்ததிலிருந்தே அவனுக்கு வேஷம் கட்டிக்கொண்டு போகும் ஆசை. வேண்டியது ஒரு விண்வெளி வீரனின் தலைக்கவசம். கடையில் வாங்கினால் தலையில் ஆடும், இல்லையென்றால் காதைப் பிடிக்கும். தன் தலையையே பிளாஸ்டரில் வார்த்து வைத்துக்கொண்டால் அதன்மேல் களிமண்ணை அப்பி, நினைத்த வடிவத்தைச் செதுக்கலாம்.

முடிமேல் நீச்சல் தொப்பி. புருவத்திலும் இமையிலும் வாஸ்லின். முகத்தில் ஆல்ஜினேட், பல் டாக்டர் வாயில் வைத்து அச்சு எடுப்பாரே, அந்தப் பசைதான். அது இறுகியதும் மேலே மாவுக்கட்டுத் துணி. மூக்குத் துளைகளை மட்டும் திறந்தே விட வேண்டும்; அதை ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை எனக்கு. உட்கார்ந்திருப்பவனால் பேசவும் முடியாது, பார்க்கவும் முடியாது. அதனால் கைச்சாடையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்: கட்டைவிரல் நிமிர்ந்தால் சரி, கை விரிந்தால் உடனே கழற்று. நடுவட்டக் குளிரில் ஆல்ஜினேட் இறுக நேரம் பிடிக்கும் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்தோம். கழற்றிய கையோடு பிளாஸ்டரை ஊற்றிவிட வேண்டும். ஈரம் காயக் காய அச்சு சுருங்கிவிடும். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிறார்களே கட்டக்கோரை, அந்தப் பாசியில் இருப்பதுதான் ஆல்ஜினேட். ‘தசாவதாரம்’ படத்தில் கமல்ஹாசனுக்கு மைக்கேல் வெஸ்ட்மோர் போட்ட முகங்களுக்கும் நடிகரின் முக அச்சுதான் அடித்தளம்.

பிளாஸ்டர் தலை வெளியே வந்ததும் பையன் ஆணியை எடுத்து, கழுத்தின் அடியில் தன் பெயரையும் தேதியையும் கீறினான். அங்கேதான் எனக்கு தர்ஸ்டன் ஞாபகம் வந்தது.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், எட்கர் தர்ஸ்டன் விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றைத் தமிழிலும் கொண்டுவந்தது. எனக்கு அந்த நூல் இல்லாமல் ஒரு வாரமும் ஓடாது. அதைத் திறந்தால் கோபம் வராமலும் இருக்காது. மனிதர்களின் மண்டையைக் கவைக்கருவியால் அளந்து, அந்த எண்களிலிருந்து இனம் பிரிக்க முடியும் என்று நம்பியவர் அவர். நீலகிரியில் தோடர்களையும் கோத்தர்களையும் அளந்தார்.

அளந்துகொண்டே மலையின் மேற்குப் பக்கம் வந்தபோது, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் ஒரு சரிவில் சின்னதாக ஒரு சீனக் குடியிருப்பைப் பார்க்கிறார். சீன ஆண்கள், அவர்களை மணந்த தலித் தமிழ்ப் பெண்கள், பிள்ளைகள். காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைக்கிறார்கள். சிங்கோனாத் தோட்ட வேலைக்காக வெள்ளைக்காரர்கள் நடுவட்டத்தில் சீனக் கைதிகளை அடைத்துவைத்த சிறை இன்றும் நிற்கிறது. இந்த ஆண்கள் அதிலிருந்து விடுதலையானவர்கள் என்றே இந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

ஒரு குடும்பத்தை தர்ஸ்டன் தேர்ந்தெடுக்கிறார். அப்பா, அம்மா, பிள்ளைகள். ஐந்து வயதுக் குழந்தையையும் விடவில்லை. தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் எல்லாம் அட்டவணையில் ஏறுகின்றன. பிள்ளைகளின் கண் எப்படிச் சாய்ந்திருக்கிறது, தோல் யாரைக் கொண்டிருக்கிறது என்றெல்லாம் எழுதுகிறார். பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் எந்த ஊர்க்காரி, எப்படி இந்த மனிதருடன் வாழ வந்தாள், அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள், எதுவும் இல்லை.

ஆனால் ஒரு வரியை அறியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சீனருக்கு இருந்த ஒரே மனக்குறை, கிறிஸ்தவராக மாறியபோது தன் பின்னலை வெட்ட வேண்டி வந்தது என்பதாம். சும்மா ஒரு வேடிக்கைச் செய்தியாகத்தான் தர்ஸ்டன் அதைச் சேர்த்திருக்கிறார். எனக்கு அந்தப் பக்கத்தில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். சீனாவில் அப்போது ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் வளர்ப்பது அரச கட்டளை. பின்னல் இல்லாமல் ஊர் திரும்பினால் கலகக்காரன் என்ற சந்தேகம் வரும். பின்னலை இழந்தவருக்கு ஊர் திரும்பும் எண்ணமும் அதோடு போயிருக்குமோ என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அந்தத் தலையின் அகலத்தை மில்லிமீட்டர் வரை குறித்தவருக்கு இதை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மூக்குக்குக் காவல் நின்றபோது என் கண் பையனின் கைமேலேயே இருந்தது. அந்தக் கை விரிந்திருந்தால் எல்லாரும் நிறுத்தியிருப்போம். 1890-களில் அந்தச் சரிவில் ஐந்து வயதுக் குழந்தை கையை விரித்திருந்தால் யார் நிறுத்தியிருப்பார்கள்?

கூடலூர், நடுவட்டம், பைக்காரா பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சீனத் தாத்தாவைப் பற்றியோ, அவரைக் கட்டிக்கொண்ட பாட்டியைப் பற்றியோ பேச்சு உண்டா? பாதிக் கதையானாலும் எழுதுங்கள். நீங்கள் சம்மதிக்காமல் ஒரு வரியும் அச்சேறாது. முதலில் அந்தப் பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள்.