சர்வர் யார் கையில்?

2000-ல் கடைக்கு வந்த கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஆட்டம் கூட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒருவர் சர்வர் தொடங்கி 27015 போர்ட்டைத் திறந்து வைப்பார். மற்றவர்கள் கன்சோலில் ஐபி முகவரியைத் தட்டி உள்ளே வருவார்கள். அவ்வளவுதான்!

2005-ல் வந்த ஸ்வாட் 4, சர்வர் பட்டியலுக்கு கேம்ஸ்பையை நம்பியது. 2014 மே 31-ல் கேம்ஸ்பை கடையைச் சாத்தியது. பட்டியல் போனது... ஆட்டம் சாகவில்லை. சர்வர்கள் ரசிகர்கள் கையில் இருந்ததால் மாற்றுப் பட்டியலை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள்.

2020-ல் வந்த வேலரன்ட்? பத்து நண்பர்கள் தனியாக ஆடினாலும் ரயட்டின் சர்வரில்தான். ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கவாம்! தரவரிசை ஆட்டத்துக்குச் சரி. நண்பர்களுக்குள் எதற்குக் காவல்? நாளை சர்வரை மூடினால் காசு கொடுத்து வாங்கிய ஸ்கின்னும் போச்சு. இதற்குப் பெயர் விற்பனை அல்ல, வாடகை.